டியூட்டீரியம் ஏற்றிய பாலிஸ்டைரீன் ஏன் கலங்கவில்லை? தண்டையார்பேட்டை ஆய்வகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

ஒரே கரைப்பானில், ஒரே விகிதத்தில் வார்த்த இரண்டு பாலிமர் படலங்கள். இரண்டிலும் பாதி பாலிஸ்டைரீன், பாதி பாலிவினைல் மீத்தைல் ஈதர். முதல் படலத்தில் இருந்தது கடையில் கிடைக்கும் சாதாரண பாலிஸ்டைரீன். இரண்டாவதில் இருந்தது ஹைட்ரஜன் அணுக்கள் அத்தனையும் டியூட்டீரியமாக, அதாவது ஹைட்ரஜனின் கனமான ஐசோடோப்பாக, மாற்றப்பட்ட பாலிஸ்டைரீன். சூடேற்றும் மேடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெப்பத்தை மெதுவாக ஏற்றினோம். ஒரு கட்டத்தில் முதல் படலம் பால் வெள்ளையாகக் கலங்கியது. இரண்டாவது கண்ணாடியாகவே இருந்தது. மேலும் பல டிகிரி ஏற்றிய பிறகுதான் அதுவும் கலங்கியது.

இது நடந்தது வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில். திட்டத்தைச் செய்தவர் முதுகலை இறுதியாண்டு மாணவி; காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் குடும்பத்துப் பெண். ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டிகளோடு வளர்ந்தவர் என்பதால், பாலிஸ்டைரீன் அவருக்குப் பாடப்புத்தகத்தில் வந்த பொருள் அல்ல. வழிகாட்டி நான்.

படலம் கலங்காமல் நின்றபோது அவர் கேட்டது: "சார், ரெண்டும் பாலிஸ்டைரீன்தானே? பின்ன ஏன் இது மட்டும் தெளிவாவே நிக்குது?"

இந்தக் கேள்வியைத்தான் இங்கே முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன். பொருளின் மேல் நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சி உள்ளமைப்பை அறியும் நியூட்ரான் சிதறலில் இறங்க நினைக்கும் மாணவர்கள் பலர் டியூட்டீரியத்தை வெறும் அடையாளமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அது அடையாளம் மட்டுமல்ல. போட்ட இடத்தில் பொருளையும் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. அந்த ‘கொஞ்சம்’ பாலிமரில் எவ்வளவு பெரிதாகும் என்பதுதான் விஷயம்.

முதல் திட்டம்

மாணவியின் திட்டம் பார்க்க நேர்த்தியாகவே இருந்தது. பாலிஸ்டைரீன், பாலிவினைல் மீத்தைல் ஈதர் (இனி பி.வி.எம்.இ.) கலவை, பிரிந்து போகும் வெப்பநிலையை நெருங்கும்போது அதன் பாகுநிலை எப்படி மாறுகிறது என்று அளப்பது ஒரு பாதி. அதே வெப்பநிலையில் உள்ளே சங்கிலிகள் எப்படித் திரளத் தொடங்குகின்றன என்று நியூட்ரானால் பார்ப்பது மறு பாதி. பாகுநிலை அளவீட்டுக்கு நிறையப் பொருள் வேண்டும்; எனவே விலை குறைந்த சாதாரண பாலிஸ்டைரீன். நியூட்ரானுக்குச் சிறு வில்லை போதும். எனவே விலை உயர்ந்த டியூட்டீரிய வகை. இரண்டு அளவீடுகளையும் ஒரே வெப்பநிலை அச்சில் வைத்து ஒப்பிட்டால் கதை முடிந்தது என்று எண்ணியிருந்தார்.

ஆய்வகப் பேச்சில் சாதாரண வகையை எச்-பி.எஸ். என்றும் டியூட்டீரிய வகையை டி-பி.எஸ். என்றும் சொல்வது வழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"நியூட்ரானுக்கு கல்பாக்கமே போதாதா சார்? பக்கத்துலதானே இருக்கு" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. கல்பாக்கத்தில் உள்ள காமினி 30 கிலோவாட் உலை. யுரேனியம்-233 எரிபொருளில் இயங்கும் அருமையான சிறு உலை. நியூட்ரான் படப்பிடிப்புக்கும் கதிரியக்கத் தூண்டல் பகுப்பாய்வுக்கும் அது ஏற்றது. நியூட்ரான்கள் மிகச் சிறிய கோணங்களில் விலகுவதை அளக்கும் சிறுகோணச் சிதறலுக்கோ அடர்ந்த கற்றை வேண்டும். நம் நாட்டில் அதற்கான இடம் மும்பை டிராம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் துருவா உலை. பல்கலைக்கழகத்தார் விண்ணப்பித்து அங்கே கற்றை நேரம் பெறலாம். அந்த விண்ணப்பத்துக்கான முன்தயாரிப்பாகத்தான் இந்தப் படலங்களையே வார்த்தோம்.

ஏன் நியூட்ரான், ஏன் டியூட்டீரியம்

உருகிய பாலிமருக்குள் ஒரு சங்கிலியின் வடிவத்தைத் தெரிந்துகொள்வது எளிதல்ல. தட்டு நிறைய இடியாப்பம். எல்லா இழையும் வெள்ளை. அதில் ஒரே ஒரு இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் நிறம் ஏற்றினால் சொல்லிவிடலாம். ஆனால் வேதியியலில் நிறமேற்றுவது என்றால் வேறொரு மூலக்கூறை ஒட்டவைப்பது. ஒட்டவைத்தால் சங்கிலியின் இயல்பே மாறும்.

ஒளியால் இதைப் பார்க்க முடியாது. அதன் அலைநீளம் சில நூறு நானோமீட்டர். சங்கிலிச் சுருளோ பத்து நானோமீட்டர் அளவு. எக்ஸ் கதிரின் அலைநீளம் பொருந்தும், ஆனால் அது எலெக்ட்ரான்களைத்தான் பார்க்கும். ஹைட்ரஜனுக்கும் டியூட்டீரியத்துக்கும் ஒரே ஒரு எலெக்ட்ரான். எக்ஸ் கதிருக்கு அவை இரண்டும் ஒன்றே.

நியூட்ரான் அணுக்கருவைப் பார்க்கிறது. ஒவ்வொரு கருவும் நியூட்ரானை எவ்வளவு வலுவாக, எந்தக் குறியோடு சிதறடிக்கும் என்பதைச் சிதறல் நீளம் என்ற எண் சொல்கிறது. கார்பனுக்கு அது 6.65 ஃபெம்டோமீட்டர். டியூட்டீரியத்துக்கு 6.67. ஹைட்ரஜனுக்கு கழித்தல் 3.74. குறியே தலைகீழ்! 1931இல் ஹரால்டு யூரி டியூட்டீரியத்தைக் கண்டறிந்தபோது இப்படி ஒரு பயன் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

மாணவியைக் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். போடாமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பது என் கட்டாயம்.

பாலிஸ்டைரீனின் ஓர் அலகில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன். கார்பன் தருவது 53.2, ஹைட்ரஜன் கழிப்பது 29.9, மீதி 23.3 ஃபெம்டோமீட்டர். அதே அலகில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்றால் 53.2உம் 53.4உம் கூடி 106.5 ஆகிறது. பி.வி.எம்.இ. அலகில் 3 கார்பன், 6 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், ஆக்சிஜனுக்கு 5.80. கூட்டிக் கழித்தால் வெறும் 3.3.

அலகின் கனஅளவால் வகுத்தால் சிதறல் அடர்த்தி கிடைக்கும். சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாக வைத்தால், எச்-பி.எஸ். 1.41, டி-பி.எஸ். 6.47, பி.வி.எம்.இ. சுமார் 0.36. நியூட்ரான் பார்க்கும் வேறுபாடு இந்த அடர்த்திகளின் வித்தியாசத்தின் இருமடி. எச்-பி.எஸ். கலவையில் அது 1.1, டி-பி.எஸ். கலவையில் 37.3. சிக்னல் ஏறத்தாழ 34 மடங்கு கூடுகிறது. டியூட்டீரியம் இல்லாமல் இந்தச் சோதனைக்குப் போவதில் பொருளே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஹைட்ரஜன் கரு எல்லாத் திசையிலும் ஒரே சீராக, எந்தத் தகவலும் இல்லாத ஒரு பின்னணிச் சிதறலைத் தருகிறது. அதன் அளவு 80 பார்ன் (சிதறல் வலுவின் அலகு). டியூட்டீரியத்தில் அது 2தான். ஹைட்ரஜன் குறைந்தால் பின்னணியும் குறையும்.

இந்த முறையின் பிறப்பைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பாலிமர் வேதியியலாளர் பால் ஃப்ளோரி 1949லேயே, உருகலில் உள்ள சங்கிலி தன்னை ஒத்த சங்கிலிகளால் சூழப்பட்டிருப்பதால், விரிக்கும் விசையும் சுருக்கும் விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, அது ஒழுங்கற்ற நடையின் (ஒவ்வோர் அடியும் ஏதோ ஒரு திசையில் போகும் நடை) வடிவத்திலேயே இருக்கும் என்று வாதிட்டார். பலருக்கு நம்பிக்கையில்லை. பாலிமர் கண்ணாடிக்குள் கட்டுக்கட்டான ஒழுங்குகள் இருப்பதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். கால் நூற்றாண்டு இழுத்த வழக்கு அது. 1970களின் முற்பாதியில் மைன்ஸில் கிர்ஸ்டே, யூலிஷில் ஷெல்டென், இங்கிலாந்தில் பல்லார்டு, விக்னால், பிரான்ஸில் பென்வாவும் ஜானிங்கும் சேர்ந்த குழு என்று தனித்தனியாக டியூட்டீரியம் ஏற்றிய சங்கிலிகளைச் சாதாரண சங்கிலிகளுக்குள் கரைத்து நியூட்ரானால் அளந்தார்கள். ஃப்ளோரி சொன்னதே சரி என்று தீர்ந்தது. மூலக்கூறு எடை ஒரு லட்சம் உள்ள பாலிஸ்டைரீன் சங்கிலியின் சுழல் ஆரம், அதாவது சுருளின் அளவைக் காட்டும் எண், ஏறத்தாழ 9 நானோமீட்டர். எடை நான்கு மடங்கானால் ஆரம் இரண்டு மடங்காகிறது. 1974இல் ஃப்ளோரிக்கு நோபல் பரிசு வந்தது.

அந்த அளவீடுகள் எல்லாமே ஓர் எடுகோளின் மேல் நின்றன. டி-பி.எஸ்.ஸும் எச்-பி.எஸ்.ஸும் ஒன்றையொன்று வேற்றாளாக உணராமல் முழுமையாகக் கலக்கும் என்பதே அது. அன்றைய சங்கிலி நீளங்களுக்கும் அன்றைய துல்லியத்துக்கும் அது போதுமானதாகவும் இருந்தது.

சந்தேகங்கள்

படலம் கலங்காததற்கு ஐசோடோப்பைக் காரணம் சொல்லும் முன் மற்ற எல்லாவற்றையும் விலக்கியாக வேண்டும். இங்கே நான் கறார். ‘புத்தகத்தில் இருக்கிறது’ என்பதற்காக ஒரு காரணத்தை எடுத்து ஒட்டினால் அது ஆய்வே அல்ல.

மேடையின் வெப்பமானியை உருகுநிலை தெரிந்த பொருள்களை வைத்துச் சரிபார்த்தோம். படலங்களின் இடத்தை மாற்றி வைத்தும் பார்த்தோம். அதில் பிழையில்லை.

அடுத்து மூலக்கூறு எடை. "எடை சமமா பார்த்தியாமா, நீளம் சமமா பார்த்தியாமா?" என்று கேட்டேன். இரண்டும் வேறு. சாதாரண அலகின் எடை 104. டியூட்டீரிய அலகின் எடை 112. இரண்டு சங்கிலிகளின் எடையும் ஒரு லட்சம் என்று புட்டியில் எழுதியிருந்தால், டியூட்டீரியச் சங்கிலி ஏழு விழுக்காடு குட்டை. கலப்பு விகிதத்திலும் இதே வலை உண்டு. டி-பி.எஸ்.ஸின் அடர்த்தி 1.13, எச்-பி.எஸ்.ஸுக்கு 1.05. எடையில் பாதிக்குப் பாதி போட்டால் கனஅளவில் பாதிக்குப் பாதி வராது. இரண்டையும் திருத்தி மறுபடி வார்த்தார். குட்டைச் சங்கிலி கொஞ்சம் எளிதாகக் கலக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாங்கள் கண்ட இடைவெளியை விளக்க அது எவ்விதத்திலும் போதவில்லை.

மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டது ஈரம். இதை விரிவாகச் சொல்வது கடலோர ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பி.வி.எம்.இ. தண்ணீரில் கரையும் பாலிமர். அறை வெப்பத்தில் பிசுபிசுப்பான பொருள். அதன் கண்ணாடிநிலை மாற்றம் (கெட்டியான கண்ணாடி நிலையிலிருந்து இளகும் வெப்பநிலை) சுழிக்குக் கீழே 30 டிகிரியை ஒட்டியது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள எங்கள் ஆய்வகத்தில், ஐப்பசி கார்த்திகையில், சன்னலைத் திறந்தால் மேசையே நசநசக்கும். அந்தக் காற்றில் திறந்து வைத்த படலத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் மூன்றாவது கூறாக உள்ளே வந்துவிட்டால் கலங்கும் வெப்பநிலை இடம் மாறிவிடும்.

இதே பாலிமரின் இன்னொரு குணம் பாடம் நடத்த மிக உதவியது. தண்ணீரில் கரைத்த பி.வி.எம்.இ. ஏறத்தாழ 35 டிகிரியில் கலங்கும். சர்க்கரையோ உப்போ சூடேற்றினால் இன்னும் நன்றாகக் கரையும், இது தலைகீழ். அறை வெப்பத்தில் தெளிவு, சூட்டில் பால். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், அலமாரியில் இருக்கும் புட்டி மத்தியானம் தானாகவே வெளுக்கும். ஐஸ் தண்ணீரில் வைத்தால் தெளியும். கீழ்க்கலப்பு வெப்பநிலை என்றால் என்ன என்று விளக்க எனக்கு வேறு சோதனையே தேவைப்பட்டதில்லை. பாலிஸ்டைரீனோடு சேரும்போதும் பி.வி.எம்.இ. இதே வகைதான். தாழ்ந்த வெப்பத்தில் கலந்திருக்கும், ஏற்றினால் பிரியும். பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, பி.வி.எம்.இ.க்கு 1.47 என்பதால், பிரிந்த உடனே கண்ணுக்கே வெள்ளையாகத் தெரியும்.

எனவே படலங்களை வெற்றிட அடுப்பில் நீண்ட நேரம் உலர்த்தி, எடை குறைவது நின்ற பிறகே சோதிப்பது என்று வைத்துக்கொண்டோம். இடையில் மின்சாரம் போனால் அடுப்பு ஆறும், வெற்றிடம் இறங்கும். அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குவோம். கரைப்பானையும் ஒன்றாக வைத்தோம். இந்தக் கலவைக்குக் கரைப்பான் தேர்வு உயிர்நாடி. டொலுவீனிலிருந்து வார்த்தால் தெளிந்த, கலந்த படலம் வரும். குளோரோஃபார்மிலிருந்து வார்த்தால் தொடக்கத்திலேயே பிரிந்த, வெளுத்த படலம் வரும். இது 1970களின் தொடக்கத்திலிருந்தே பதிவாகியுள்ள செய்தி. நாங்கள் இரண்டு படலத்துக்கும் டொலுவீன்தான் எடுத்திருந்தோம்.

எல்லாம் சரிசெய்த பிறகும் வேறுபாடு அப்படியே நின்றது. எச்-பி.எஸ். படலம் முதலில், டி-பி.எஸ். படலம் வெகு பின்னால்.

ஏற்கெனவே பதிவானவை

இதன் பிறகே நூலகத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே கிடைத்த வரிசை, ஓர் எடுகோள் பத்தாண்டுகளில் எப்படித் தளர்ந்தது என்பதைக் காட்டியது.

1975இல் ஸ்ட்ராசியேலும் பென்வாவும் சைக்ளோஹெக்ஸேன் கரைசலில் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். சாதாரண பாலிஸ்டைரீனுக்குச் சாதாரண சைக்ளோஹெக்ஸேனில் தீட்டா வெப்பநிலை 34.5 டிகிரி, சங்கிலி விரியவும் இல்லாமல் சுருங்கவும் இல்லாமல் நிற்கும் வெப்பநிலை அது. பாலிமரில் டியூட்டீரியம் ஏற்றினால் அது 30ஐ ஒட்டி இறங்கியது. கரைப்பானில் டியூட்டீரியம் ஏற்றினால் 40ஐ ஒட்டி ஏறியது. யார் மேல் அடையாளம் போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாற்றத்தின் திசையே மாறுகிறது.

1980இல் பக்கிங்ஹாமும் ஹென்ட்ஷெலும், சங்கிலி போதுமான நீளம் இருந்தால் டியூட்டீரிய பாலிமரும் அதன் சாதாரண இரட்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரியக்கூடும் என்று கோட்பாட்டிலிருந்து சொன்னார்கள். 1985, 1986 ஆண்டுகளில் பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் பேட்ஸும் ஓக் ரிட்ஜின் ஜார்ஜ் விக்னாலும் முதலில் பாலிபியூட்டாடையீனிலும் பிறகு பாலிஸ்டைரீனிலும் அதை அளந்தே காட்டினார்கள். பத்தாண்டுக்கும் மேலாக நியூட்ரான் முறை நின்ற தரையையே நியூட்ரானால் அளந்த வேலை அது. விக்னால் முதல் தலைமுறை அளவீடுகளிலும் இருந்தவர் என்பது என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

எங்கள் கலவைக்கு நேரடியான பதில் 1986இல் வந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் ஸ்டைன், கியோட்டோவில் ஹஷிமோட்டோ ஆகியோரின் கூட்டுக் குழு, பாலிஸ்டைரீனை டியூட்டீரியமாக்கினால் பி.வி.எம்.இ.யோடு அதன் கலங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி மேலே போகிறது என்று பதிப்பித்தது. எங்கள் மேடையில் கண்டதும் அதே திசை, அதே அளவு.

மாணவி அந்தப் பக்கத்தைக் காட்டி, "நாற்பது டிகிரியா சார்! அப்ப என் திட்டமே தப்பாயிடுமே" என்றார். திட்டம் தவறவில்லை. ஒப்பிடும் அச்சு மட்டும் மாற வேண்டியிருந்தது.

ஓர் அணு எடை இவ்வளவு செய்வது எப்படி

கார்பன்-டியூட்டீரியம் பிணைப்பும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பும் வேதியியலில் ஒன்றே. எலெக்ட்ரான்கள் மாறவில்லை. ஆனால் டியூட்டீரியம் இரு மடங்கு கனம் என்பதால் அதன் சுழிநிலை அதிர்வு (எவ்வளவு குளிரிலும் நிற்காத அடிப்படை அதிர்வு) குறைவு. அதிர்வு குறைந்தால் பிணைப்பின் சராசரி நீளம் மயிரிழை குறைகிறது; அலகின் கனஅளவும், அதன் எலெக்ட்ரான் மேகம் வளைந்து கொடுக்கும் தன்மையும் சிறிது குறைகின்றன. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் விசை அந்த வளைவைப் பொறுத்தது. ஆகவே டியூட்டீரிய அலகுகள் ஒன்றையொன்று சற்றே தளர்வாகப் பிடிக்கின்றன.

சிறு மூலக்கூறுகளில் இது கண்ணுக்கே தெரியாது. பென்சீனும் டியூட்டீரிய பென்சீனும் எந்த விகிதத்திலும் கலக்கும். சங்கிலியில் மட்டும் ஏன்? கலப்பதால் கிடைக்கும் ஒழுங்கின்மை ஆதாயம் ஒவ்வொரு தனித் துகளுக்கும் கிடைப்பது. ஆயிரம் அலகுகளைச் சங்கிலியாகக் கோத்துவிட்டால் ஆயிரம் துகளுக்குப் பதில் ஒன்றுதான் மிஞ்சுகிறது; ஆதாயம் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆற்றல் வேறுபாடோ அலகுக்கு அலகு அப்படியே இருக்கிறது. சங்கிலி நீள நீள, புறக்கணிக்கத் தக்க ஆற்றலும் வெல்லத் தொடங்குகிறது.

பேட்ஸும் விக்னாலும் தந்த எண்ணை வைத்து இதைக் கணக்கிடலாம். டி-பி.எஸ்., எச்-பி.எஸ். இடையேயான ஃப்ளோரி–ஹக்கின்ஸ் இடைவினை எண் (இரண்டு அலகுகள் ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன என்பதன் அளவு), 0.20ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து 0.00029ஐக் கழித்தால் வருவது. 160 டிகிரி செல்சியஸில், அதாவது 433 கெல்வினில், இது 0.00017. இரண்டு சங்கிலிகளும் சம நீளம், சம பங்கு என்றால், இடைவினை எண்ணைச் சங்கிலி நீளத்தால் பெருக்கும்போது 2 வந்தால் பிரிவு தொடங்கும். எனவே சுமார் 11,600 அலகுகள். மூலக்கூறு எடையில் பன்னிரண்டு லட்சம். வழக்கமான பாலிஸ்டைரீன் அவ்வளவு நீளமில்லை; பிரிந்து போகாது.

பிரியாது என்பதால் விட்டுவிடலாமா என்றால், கூடாது. சிதறல் செறிவு, பிரிவு நிகழும் முன்னரே, கலவையின் உள் ஏற்றத்தாழ்வுகளைக் காட்டத் தொடங்கிவிடும். பிரெஞ்சு இயற்பியலாளர் தெ ஜென் வகுத்த சமன்பாட்டின்படி, சுழிக் கோணத்தில் செறிவின் தலைகீழ் என்பது சங்கிலி நீளத்திலிருந்து வரும் உறுப்பிலிருந்து இடைவினை எண்ணின் இரு மடங்கைக் கழித்தது. சம பங்குக் கலவையில் நீளம் 1000 என்றால் 0.004லிருந்து 0.00034 கழிகிறது, செறிவு ஒன்பது விழுக்காடு கூடித் தெரியும். 2000 என்றால் இருபது விழுக்காடு. 10,000 என்றால் ஏழு மடங்கு! இடைவினையை மறந்துவிட்டு அந்தச் செறிவிலிருந்து மூலக்கூறு எடையைக் கணக்கிட்டால், ஏழு மடங்கு பெரிய சங்கிலி ஒன்றை ஆய்வாளர் தன் கையால் உண்டாக்கிவிடுவார். எண்பதுகளுக்கு முந்தைய தரவுகளைப் படிக்கும்போது நீளமான சங்கிலிகள் பேசப்படும் இடத்தில் இதை மனதில் வைத்துப் படிக்குமாறு மாணவர்களிடம் சொல்கிறேன்.

சரி, டி-பி.எஸ். எச்-பி.எஸ்.ஸை விலக்குகிறது, பி.வி.எம்.இ.யோடு மட்டும் ஏன் மேலும் நெருங்குகிறது? பாலிமர்களின் பிடிப்பு வலுவை வரிசைப்படுத்தினால் பாலிஸ்டைரீன் மேலே, பி.வி.எம்.இ. கீழே. டியூட்டீரியம் பாலிஸ்டைரீனின் பிடிப்பைச் சற்றுத் தளர்த்துகிறது; மேலே இருப்பவர் ஒரு படி இறங்கி கீழே இருப்பவரை நெருங்குகிறார். சைக்ளோஹெக்ஸேனும் பாலிஸ்டைரீனுக்குக் கீழே உள்ளதுதான். பாலிமர் இறங்கினால் நெருக்கம், தீட்டா இறங்கும். கரைப்பான் இறங்கினால் விலகல், தீட்டா ஏறும். 1975இல் கண்டது இதுவே. 1990களில் பாலியோலிஃபின் கலவைகளில், அடையாளத்தை ஒரு கூறிலிருந்து மற்றதுக்கு மாற்றி வைத்து இடைவினை எண் கூடுவதையும் குறைவதையும் காட்டியபோதும் இந்த விதி நின்றது. பி.வி.எம்.இ.யின் ஆக்சிஜனுக்கும் பாலிஸ்டைரீனின் வளையத்துக்கும் தனி ஈர்ப்பு உண்டு என்பதால், எங்கள் கலவையில் இந்த விளக்கம் திசையைச் சொல்கிறது, முழு அளவைச் சொல்லவில்லை. அந்தத் தனி ஈர்ப்பைச் சேர்த்தால்தான் கணக்கு நிறையும்.

விண்ணப்பம் திருத்தப்பட்ட விதம்

முதல் திட்டத்தில் பாகுநிலையும் சிதறலும் ஒரே வெப்பநிலையில் ஒப்பிடப்படுவதாக இருந்தது. எச்-பி.எஸ். கலவை பிரிவின் விளிம்பில் தத்தளிக்கும் வெப்பநிலையில் டி-பி.எஸ். கலவை இன்னும் 40 டிகிரி பாதுகாப்பான தூரத்தில் அமைதியாக இருக்கும். ஒன்றின் கொந்தளிப்பை மற்றதன் அமைதியோடு சேர்த்து விளக்க முயன்றால் வரும் முடிவு எந்தப் பொருளுக்கும் உரியதாகாது. இந்தப் படலச் சோதனையைச் செய்யாமல் டிராம்பேக்குப் போயிருந்தால், தரவு அழகாக வந்திருக்கும். கோடு பொருந்தவும் செய்திருக்கும். தவறு வெளியே தெரிந்திருக்காது என்பதுதான் இதில் எனக்குள்ள உண்மையான கவலை.

மாற்றியது இவை. ஒப்பீட்டு அச்சு இனி வெப்பநிலை அல்ல. அந்தந்தக் கலவை தன் சொந்தப் பிரிவு எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது. டி-பி.எஸ். கலவைக்கு அந்த எல்லையை நியூட்ரானே தரும். சுழிக் கோணச் செறிவின் தலைகீழை, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு விழும். அது சுழியைத் தொடும் இடமே எல்லை. எச்-பி.எஸ். கலவைக்குக் கலங்கும் வெப்பநிலையை மேடையிலேயே எடுக்கலாம்.

பாகுநிலையை டி-பி.எஸ்.ஸிலேயே அளந்துவிடலாமே என்று மாணவி கேட்டார். கருவியின் தட்டுகளுக்கு இடையில் வைக்கத் தேவையான அளவு வாங்க எங்கள் துறையின் ஓராண்டு இரசாயனச் செலவும் போதாது. ஒரு புள்ளியிலாவது செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்; அது சரியான பிடிவாதம் என்பதால் மிகச் சிறிய தட்டுகளோடு ஒரே ஒரு சரிபார்ப்பு அளவீட்டைச் சேர்த்தோம்.

இரண்டு வகைப் பாலிஸ்டைரீனையும் வெவ்வேறு பங்கில் சேர்த்து, மொத்தப் பாலிஸ்டைரீன் அளவை மாற்றாமல் வைத்த தொடர் ஒன்றும் சேர்ந்தது. டியூட்டீரியப் பங்கு கூடக் கூடக் கலங்கும் வெப்பநிலை படிப்படியாக ஏற வேண்டும். ஏற்றத்தைச் சுழிப் பங்குக்கு நீட்டினால் கிடைக்கும் எண், தூய எச்-பி.எஸ். கலவையின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஈரமோ கரைப்பானோ இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். முழுத் திட்டத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்கு நியூட்ரானே வேண்டாம். வெற்றிட அடுப்பும் சூடேற்றும் மேடையும் பொறுமையும் உள்ள எந்தக் கல்லூரியும் செய்யலாம்.

டிராம்பேக்கு அனுப்பிய மாதிரிப் பட்டியலில் டி-பி.எஸ். கலவையும் அந்தக் கலப்புத் தொடரும் தவிர, தூய டி-பி.எஸ்., தூய எச்-பி.எஸ்., தூய பி.வி.எம்.இ. வில்லைகளும் பின்னணியைக் கழிப்பதற்காக இருந்தன. ஒவ்வொரு வில்லையும் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொன்றின் உறையிலும் எடைப் பங்கு, கனஅளவுப் பங்கு, சங்கிலி நீளம், உலர்த்திய பின் எடை, மேடையில் கண்ட கலங்கும் வெப்பநிலை ஆகிய ஐந்தையும் மாணவி தன் கையாலேயே எழுதி ஒட்டினார்.